கைகளுக்கு ஓர் அடுக்கு

பட்டிமன்றத்தை நேரலையில் காட்டுவது ரூபினிக்குப் புதிதில்லை. ஜொகூர் பாருவில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நடக்கிற தமிழ் மேடைகளில் பாதிக்கு மேல் அவள் விரல் வழியாகத்தான் திரைக்குப் போயிருக்கின்றன. உலு திராமில் கமலநாதன் நடத்தும் சிறிய நேரலை நிறுவனத்தில் சுவிட்சர் அவள் பொறுப்பு. கேமராக்களிலிருந்து வரும் படங்களில் எது திரையில் தெரிய வேண்டும், அதன்மேல் பேச்சாளரின் பெயர் எங்கே வர வேண்டும், சங்கத்தின் சின்னம் எந்த மூலையில், விளம்பரம் எதற்குமேல் எதற்குக் கீழ் என்பதெல்லாம் அவள் முன்னாலிருக்கும் பொத்தான் பலகையில்தான் முடிவாகும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போன்ற வேலை அது. வரிசை தப்பினால் பேச்சாளரின் மூக்கின்மேல் மசாலாத்தூள் விளம்பரம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவளுடைய அண்ணன் ஜீவன் மூவாரில், மேசை நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெருகு பூசும் பிரிவுக்கு மேற்பார்வையாளன். குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவனுக்குக் காது போய்விட்டது. வீட்டில் சைகை மொழியைச் சரியாகக் கற்றுக்கொண்டவள் ரூபினி மட்டும்தான். அம்மா செல்லத்துக்கும் அவனுக்கும் இடையே சாப்பாடு, சம்பளம், மருந்து, மழை என்று ஒரு கைப்பாஷை உண்டு. அதற்கு மேல் போனால் ரூபினியைக் கூப்பிட வேண்டும்.

தீபாவளிக் காலையில் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் ஓடும். வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஜீவன் திரையைப் பார்க்க மாட்டான். சிரிக்கிறவர்களின் முகங்களைத்தான் பார்ப்பான். பிறகு ரூபினியின் தோளைத் தட்டி என்னவென்று கேட்பான். அவள் சொல்லி முடிப்பதற்குள் அங்கே அடுத்த சிரிப்பு கிளம்பியிருக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். பட்டிமன்றம் தொடங்கினால் எழுந்து போய் மோட்டார் சைக்கிளைக் கழுவத் தொடங்கிவிடுவான்.

அதனால்தான் இந்தப் பொங்கலுக்குத் தென்முனைத் தமிழர் மன்றம் பட்டிமன்றம் வைக்கப்போவதாகவும், நேரலை வேலை தங்களுக்கே வந்திருப்பதாகவும் கமலநாதன் சொன்னபோது, ரூபினி யோசிக்காமல் கேட்டுவிட்டாள். சைகை மொழியில் பெயர்த்துச் சொல்ல ஒருவரை வைத்து, அவர் படத்தையும் திரையில் காட்டினால் என்ன? மன்றத்தின் செயலாளர் மதிவாணன் உடனே சம்மதித்தார். நல்ல காரியம், இதுவரைக்கும் யாரும் செய்ததில்லை, தாராளமாகச் செய்யலாம் என்றார். தலைப்பும் தோதாக அமைந்தது. வீட்டில் அமைதி நிலவக் காரணம் பேசுவதா, பேசாமலிருப்பதா?

சைகைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மூவாரில் ஃபெலிசியா இருந்தாள். அவளுடைய அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. நடக்கப் பழகும் முன்பே கையால் பேசப் பழகியவள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசையைச் சைகையில் சொல்பவளும் அவள்தான். சாமியார் பிரசங்கத்தைச் சொல்லிவிடுவேன் அக்கா, பட்டிமன்ற நகைச்சுவைதான் பயமாயிருக்கிறது என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

வழக்கமாகச் செய்வதுபோல் ரூபினி மேடைப் படத்தைத் திரை முழுவதும் விட்டு, வலது கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் ஃபெலிசியாவை வைத்தாள். அடியில் விளம்பரப்பட்டை ஓடியது. இடதுபக்கம் பேச்சாளரின் பெயர், மேலே மன்றத்தின் சின்னம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை ஒரு சின்னக் காணொளியாகப் பதிந்து ஜீவனுக்கு அனுப்பி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் காணொளி அழைப்பில் வந்தான். தொழிற்சாலைத் தூசி முகத்தில் அப்படியே இருந்தது.

“மூலையில ஒரு பொம்பள கொசு அடிச்சிக்கிட்டு நிக்கிறா. யாரு அது?” என்று கைகளால் கேட்டான்.

ரூபினிக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. என்ன சரியில்லை என்று கேட்டாள். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். சைகை விரலில் மட்டும் இல்லை. முகத்தில் இருக்கிறது, புருவத்தில் இருக்கிறது, இடுப்பளவிலிருந்து எழுகிறது. நீ முழங்கையை வெட்டிவிட்டாய். விளம்பரப்பட்டை அவள் வயிற்றின்மேல் ஓடுகிறது, கை கீழே இறங்கும்போதெல்லாம் பாதி வார்த்தை முழுகிப் போகிறது. மேடையில் பேசுகிறவரின் முகம் மேலே இருக்கிறது, இவள் முகம் கீழே இருக்கிறது, ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று போய்விடும். இரண்டு முகமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

அதோடு அவன் நிற்கவில்லை. அந்த வாரக் கடைசியில் ஃபெலிசியாவையும் காது கேளாத நண்பர்கள் சிலரையும் வீட்டுக்கு வரவழைத்தான். தொலைக்காட்சித் திரையின்மேல் பழுப்புத் தாளை வெட்டி ஒட்டி, ஃபெலிசியாவைப் பக்கத்தில் நிற்க வைத்து, எவ்வளவு பெரிதாக இருந்தால் அறையின் கடைசியிலிருந்து புரிகிறது என்று ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பார்த்தான். தாளை நகர்த்தி நகர்த்தி ஒட்டி, கடைசியில் பென்சிலால் கோடு போட்டு ரூபினிக்குப் படம் அனுப்பினான். மரப்பலகையில் கோடு போட்டுப் பழகிய கை. கோடு நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. திரையின் வலது மூன்றில் ஒரு பங்கு, மேலிருந்து கீழ்வரை, முழுவதும் ஃபெலிசியாவுக்கு.

ரூபினி அப்படியே செய்து பார்த்தாள். அடியில் கருநீலப் பின்னணி ஒரு அடுக்கு. அதன்மேல் சுருக்கிய மேடைப் படம், இடதுபக்கமாக. பேச்சாளரின் பெயரும் விளம்பரப்பட்டையும் அந்த மேடைப் படத்தின் அகலத்துக்குள் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி அடுக்கில், ஃபெலிசியா. எது வந்தாலும் அவள் கைகளுக்குக் கீழேதான் வர முடியும்.

மதிவாணனுக்கு அது பிடிக்கவில்லை. மேடை சுருங்கிவிட்டதே என்றார். விளம்பரம் கொடுத்தவருக்குத் திரையின் முழு அகலம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். பேசாமல் சைகைக்கென்று தனி இணைப்பு ஒன்று கொடுத்துவிடலாம், வேண்டியவர்கள் கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. கமலநாதனும், வேலை கொடுத்தவர்கள் கேட்பதைச் செய்வதுதானே நம் தொழில், தனி இணைப்பு சுலபம்தானே என்றார். சுலபம்தான். ரூபினியே ஒரு நிமிடம் அதற்கு இணங்கிவிட்டாள்.

ஜீவனிடம் சொன்னாள்.   அவன், “கல்யாணத்துலயும் எங்களுக்குத் தனி மேசைதான் போடுறாங்க. சாப்பாடு அதே சாப்பாடுதான்,” என்றான்.

அதற்குமேல் அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. கமலநாதனிடம் போய், ஒரே ஒரு முறை மண்டபத்திலேயே போட்டுக் காட்டுகிறேன் பாஸ், பார்த்துவிட்டு மதிவாணன் சார் என்ன சொன்னாலும் கேட்கிறேன் என்றாள்.

ஒத்திகை நாளன்று மேடையின் இரு பக்கமும் பெரிய திரைகள் ஏற்றியாகிவிட்டன. ரூபினி மதிவாணனைக் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னாள். முதலில் பழைய அமைப்பைப் போட்டாள். மூலைக் கட்டத்தில் ஃபெலிசியா கைகளை அசைத்தாள். மதிவாணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுந்து இரண்டு வரிசை முன்னால் வந்தார். பிறகு இன்னும் இரண்டு. அப்படியே நடந்து நடந்து, மேடைக்குக் கிட்டத்தில் வந்த பிறகுதான் விரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றன என்று நின்றார். ரூபினி அமைப்பை மாற்றினாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். நாற்காலியில் இடித்துக்கொண்டு, கடைசி வரிசை வரைக்கும் போனார்.

“இங்கேருந்தும் தெரியுதுமா,” என்றார் அங்கிருந்து. “இதையே வைங்க. விளம்பரக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

விளம்பரக்காரர் பெருந்தன்மையாகவே இருந்தார். பட்டை குறுகினால் பரவாயில்லை, கடையின் நிறம் மட்டும் மாறக் கூடாது என்றாராம்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, பிற்பகலில் பட்டிமன்றம். மண்டபத்து வாசலில் கரும்பும் மாவிலையும் கட்டியிருந்தார்கள். மூவாரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஜீவனும் அவன் நண்பர்களும் இறங்கினார்கள். சிலர் வழியில் பத்து பகாட் ஊரில் ஏறியிருந்தார்கள். ஜீவன் புது நீலச் சட்டை போட்டு, தலையை வாரி வழித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி முன்னால் நடந்து வந்தான். அவர்களுக்கு ஒதுக்கிய தனி இடம் என்று எதுவும் இல்லை.  வலதுபக்கம் முன்வரிசைகளில், கிடைத்த நாற்காலிகளில் மற்றவர்களோடு கலந்து உட்கார்ந்தார்கள்.

மேடையில் இடமில்லாததால் ஃபெலிசியாவுக்குப் பக்கத்து அறையில் கறுப்புத் துணி கட்டிக் கொடுத்திருந்தார்கள். மேடைப் பேச்சைக் கேட்கக் காதில் ஒலிக்கருவி, எதிரில் அசையாமல் நிற்கும் ஒரு கேமரா. மேடையை ஒரு கேமரா பார்த்தது. ஐயாசாமி என்ற அனுபவசாலி, கம்பியில்லாத கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றார். மேடையின் பின்சுவரிலிருந்து கூட்டம் முழுவதையும் பார்க்கும் சின்னக் கேமரா ஒன்றும் இருந்தது. ரூபினி மண்டபத்தின் பின்பக்கத்தில் தன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் கமலநாதன்.

ஆயர் ஈத்தாம் ஊரைச் சேர்ந்த செல்வராணி அம்மாள் நடுவர். ஓய்வுபெற்ற ஆசிரியை. மணியைக் கையில் எடுத்தால் பேச்சாளர்கள் நடுங்குவார்கள் என்று பெயர். முதல் இரண்டு பேச்சாளர்கள் பேசி முடித்தார்கள். ரூபினி மேடையை ஒரு கண்ணாலும் வலதுபக்கத்து வரிசைகளை ஒரு கண்ணாலும் பார்த்தாள். மண்டபம் சிரித்தது, ஒரு மூச்சு தாமதித்து அந்த வரிசைகளும் சிரித்தன. ஜீவன் பக்கத்திலிருந்த நண்பனின் தொடையில் அடிப்பதைப் பார்த்தாள்.  அடுத்த பேச்சாளரின் பெயர்ப்பட்டையை ஏற்ற வேண்டிய நேரம் வந்தது, ஏற்றினாள்.

மூன்றாவதாக வந்தவர் மலர். சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்பவர், தினமும் ஜொகூரிலிருந்து எல்லைப் பாலம் தாண்டிப் போய் வருபவர். பேசுவதே அமைதி தரும் என்ற அணி. தன் கணவர் வாயே திறக்காத மனிதர் என்று தொடங்கினார். மண்டபம் அப்போதே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அந்த நேரத்தில்தான் யாரோ பொங்கல் பானைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறை வாசலைத் தாண்டினார்கள். காலில் கேமராவின் கம்பி மாட்டியது. திரையின் வலதுபக்கம் ஃபெலிசியா இருந்த இடம் கறுத்துப் போனது.

மலருக்கு அது தெரியாது. அவர் போய்க்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் பாலத்தில் நெரிசலில் நின்றது, வாய் திறக்காத கணவர், கடைசியில் பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவுச் சாவடி. மண்டபம் வெடித்துச் சிரித்தது. வலதுபக்கத்தில் ஜீவனும் நண்பர்களும் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

 ஜீவன் இப்போது எழுந்து வெளியே போய்விடுவான் என்று ரூபினி நினைத்தாள். அவன் எழுந்தான். ஆனால் வெளியே போகவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான். அவன் நண்பர்களும் ஒவ்வொருவராகக் கைகளைத் தூக்கினார்கள். வலதுபக்கத்து முன்வரிசைகளில் அங்கங்கே தூக்கிய கைகள்.

செல்வராணி அம்மாள் மணியை அடித்தார். சிரிப்பு அடங்கியது.

“கொஞ்சம் நிறுத்துங்கம்மா மலர்,” என்றார். “நம்ம ஆளுங்க சில பேருக்கு நீங்க சொன்னது போய்ச் சேரலை. திரை வரட்டும். வந்ததும் ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க.”

அதற்குள் ரூபினி ஐயாசாமியை ஒலிவாங்கியில் கூப்பிட்டு, பக்கத்து அறைக்கு ஓடுங்கண்ணே, ஃபெலிசியாவை எடுங்க என்று சொல்லியிருந்தாள். கமலநாதன் கம்பியைப் பார்க்க ஓடினார். முனை நசுங்கிப்போயிருந்தது, உடனே சரியாகிற காரியமில்லை. ஐயாசாமியின் படம் வந்தது. ஓடிய மூச்சில் அவர் தோள் ஏறி இறங்க, படமும் ஏறி இறங்கியது. அறை சின்னது, அவர் பக்கவாட்டில் நிற்க வேண்டியிருந்தது. ஃபெலிசியா ஒரு ஓரமாகத் தெரிந்தாள், மற்றப் பக்கம் கதவும் யாருடைய கைப்பையும் தெரிந்தன.

ரூபினி கறுத்த படத்தை எடுத்துவிட்டு இந்தப் படத்தை மேலடுக்கில் ஏற்றினாள். கதவு இருந்த பக்கத்தை வெட்டினாள். கைப்பையை வெட்டினாள். மிச்சத்தைப் பெரிதாக்கி, ஃபெலிசியாவின் முகம் மலரின் முகத்துக்கு நேராக வரும்வரை மேலே நகர்த்தினாள். முழங்கை வெட்டுப்பட்டது, கொஞ்சம் சிறிதாக்கினாள். இரண்டு முழங்கையும் உள்ளே வந்தன. மண்டபமே காத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவசரப்படவில்லை. கோடு நூல் பிடித்ததுபோல் நேராக நின்ற பிறகுதான் கையை எடுத்தாள். பிறகு வலதுபக்கம் பார்த்தாள். ஜீவன் திரையைப் பார்த்தான், திரும்பி மண்டபத்தின் பின்பக்கம் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு உட்கார்ந்தான்.

மணி ஒலித்தது. மலர் முதலிலிருந்து தொடங்கினார். ஒருமுறை சிரித்த நகைச்சுவையை மறுபடி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று மேடை ஏறியவர்களுக்குத்தான் தெரியும். அவர் இந்த முறை ஒலிவாங்கியைத் தாங்கியில் செருகிவிட்டு, கையும் முகமுமாக நடித்தே காட்டினார்.

“அதிகாரி பாஸ்போர்ட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. இவங்க உனக்கு யாருன்னு எங்க வீட்டுக்காரரைக் கேட்டாரு,” என்றார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோன கணவராகச் சிறிது நேரம் நின்றார். “அதுக்கும் யோசிச்சாருங்க. கடைசியில பின்னாடி நின்ன கார்க்காரர்தான் ஹார்ன் அடிச்சு, அது அவரோட சம்சாரம்தான்னு பதில் சொன்னாரு.”

ஃபெலிசியா ஹார்ன் அடித்தாள். உள்ளங்கை முழுவதையும் வைத்து அழுத்தி அடித்தாள். முகத்தில் அந்தக் கார்க்காரரின் எரிச்சல் அப்படியே இருந்தது.

ரூபினி கூட்டத்தைப் பார்க்கும் கேமராவுக்கு மாற்றினாள். திரையின் இடதுபக்கம் மண்டபம் முழுவதும் நிறைந்தது. முதல் முறையைவிடப் பெரிய சிரிப்பு. முன்னாலிருந்து பின்வரை எல்லோரும் குலுங்கினார்கள். அதில் யாருக்குக் காது கேட்கும், யாருக்குக் கேட்காது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது, நீலச் சட்டை போட்ட ஒருவன் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிப்பது. அந்தப் படத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் திரையில் விட்டுவைத்தாள். 

இடைவேளையில் மதிவாணன் ஓடி வந்து, அடுத்த ஆண்டும் இதே அமைப்புத்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். மூவாரிலிருந்து அம்மா அழைத்தார். கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தாராம். “உங்கண்ணன் சிரிச்சதை நான் பாத்தேன், பக்கத்து வீட்டுக் காளியம்மாவையும் கூப்பிட்டுக் காட்டிட்டேன்,” என்றார். 

ஜீவன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் வந்தான். இவள் என் தங்கை, இதெல்லாம் இவள் கையில்தான் என்று அவர்களிடம் காட்டினான். எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று தெரியாமலேயே விளக்கமும் கொடுத்தான். திரையில் ஃபெலிசியாவின் பங்கு தொடங்கும் கோட்டைக் காட்டி, அது நான் போட்டது என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான். பிறகு ரூபினியிடம் திரும்பி, இப்போது ஒரு விரற்கடை இடதுபக்கம் வந்திருக்கிறது, நகர்த்து என்றான். ஓரக்கண்ணால் பார்த்தாள். வந்துதான் இருந்தது. நகர்த்தினாள்.

பேசுவதே அமைதி தரும் என்று செல்வராணி அம்மாள் தீர்ப்புச் சொன்னபோது வெயில் தாழ்ந்திருந்தது. கூட்டம் கலைந்தது. ஃபெலிசியா தோள்பட்டையை அழுத்திக்கொண்டே வந்து, சாமியார் பிரசங்கம் எவ்வளவோ தேவலை அக்கா என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். வேன் கிளம்பிய பிறகும் கண்ணாடி வழியாகக் கைகள் பறந்துகொண்டிருந்தது தெரிந்தது.

கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கமலநாதன் வந்தார். மூவாரில் ஒரு கோயில் குடமுழுக்குக்கு இதே மாதிரி வேண்டுமென்று இடைவேளையிலேயே கேட்டுவிட்டார்கள் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “திரை ஏத்துற அன்னைக்கு உங்கண்ணன் வந்து உக்காந்து பாத்துச் சொல்வாரா?” என்று கேட்டார்.

“கேட்டுப் பாக்கிறேன் பாஸ்,” என்றாள் ரூபினி. “அவனுக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு. அதுக்குத் தோதா நாம ஒத்திகை வச்சிக்கணும்.”